அலமாரிக்குள் யார்? பல்லாவரம் வழியாக மேடவாக்கம் வரை

வெளிநாடு போய் வந்தவர்கள் பயணக் கட்டுரை எழுதுகிறார்கள். நான் பல்லாவரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் ஆகிய ஊர்களுக்குப் போய் வந்தேன். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று பார்த்தால் மூன்றும் கைக்கெட்டும் தூரம்தான். ஆனாலும் வழியில் மொழிப் பிரச்சினை வந்தது. பழக்கமில்லாத உணவு சாப்பிட்டேன். ஒரு வாசலில் காவலாளி என்னை நிறுத்தி, வந்த காரணம் கேட்டு, போட்டோ பிடித்து, அதன்பிறகுதான் உள்ளே விட்டார். வெளிநாட்டில் இதற்கு மேல் என்ன செய்துவிடப் போகிறார்கள்?

போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பழைய தமிழ் காமிக்ஸ் சேகரிப்பவள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவளும் நான்தான். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வந்தது பாடப் புத்தகத்தால் அல்ல, பாராசூட் பரமனால். பரமன் ஒவ்வொரு இதழிலும் முதல் பக்கத்தில் பாராசூட்டில் குதிப்பான். கடைசிப் பக்கத்தில் உலகம் பிழைக்கும். பாராசூட்டை யார் மடித்து எடுத்துக்கொண்டு போனார்கள் என்று மட்டும் எந்த இதழிலும் போட்டதில்லை.

என் முதல் இதழ் 'ஆகாயத்தில் ஒரு அலமாரி.' என் அப்பாவை நான் நைனா என்று கூப்பிடுவேன். அவருடைய ஷேர் ஆட்டோவில் யாரோ விட்டுவிட்டுப் போன புத்தகம் அது. மேகங்களுக்கு நடுவில் ஒரு மர அலமாரி மிதக்கிறது. உள்ளேயிருந்து யாரோ தட்டுகிறார்கள். விமானங்கள் வழி மாறுகின்றன, மந்திரிகளுக்கு வியர்க்கிறது. பரமன் குதித்து, நீந்தி, அலமாரியின் கைப்பிடியைப் பிடிக்கிறான். அத்தோடு சரி. அடுத்த தாள் இல்லை.

கடைசித் தாளில் டீசல் கையைத் துடைத்துப் போட்டது நைனாதான். "தொடைக்கிறதுக்கு முன்ன பாத்துட்டேன் கண்ணு," என்றார். "உள்ள அவங்கம்மா குந்திகினு இருந்தா." நைனாவுக்குப் படிக்கத் தெரியாது, படத்தைப் பார்த்துச் சொன்னது. மறுநாள் நான் அதை வகுப்பில் சொன்னேன். வகுப்பு மொத்தமும் சிரித்தது, வாத்தியார் உட்பட. அந்தக் கடைசித் தாளை ஒரு நாள் அச்சில் பார்த்தே தீருவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அப்படி ஆரம்பித்ததுதான் என் சேகரிப்பு. பரமன் இதழ்கள் அநேகமாக எல்லாம் கிடைத்துவிட்டன, அந்தத் தாள் மட்டும் கிடைக்கவில்லை.

போன மாதம் விஷயம் முற்றிவிட்டது. எங்கள் வீட்டில் ஒரே ஒரு இரும்பு பீரோ. அதன் தட்டுகள் முழுக்க என் காமிக்ஸ். அம்மாவின் பட்டுப் புடவை கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டிக்குள் கிடக்கிறது.

"அந்தாளு அலமாரில அவங்கம்மாவே இருந்தா. நம்ம பீரோல உங்கம்மா பொடவைக்கு எடம் இல்லியா?" என்று நைனா ஆரம்பித்தார்.

"அலமாரிக்குள்ள அம்மா இருந்தான்னு ஆதாரம் எங்க?"

"இல்லன்னு நீ காட்டு. ஞாயித்துக்கெயம பொயுது சாயறதுக்குள்ள காட்டு. காட்டலன்னா மேல் தட்டு ரெண்டும் உங்கம்மாவுக்கு."

"காட்டறேன். காட்டிட்டா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

"எனக்கு எந்தத் தட்டும் வேணாம், ரெண்டு பேரும் வேலயப் பாருங்க," என்றாள் அம்மா. சொல்லிவிட்டுப் பீரோவின் முன்பக்கத்தை ஈரத் துணியால் ஒரு தடவை துடைத்தாள்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டேன். பல்லாவரத்தில் கொண்டுபோய் விடச் சொல்லி நைனாவிடம் கேட்டேன். "எதிர்க்கட்சிக்கு நான் வண்டி ஓட்டறதில்ல," என்று சொல்லிவிட்டுக் காலி வண்டியோடு போனார்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையைப் பார்க்காதவர்களுக்கு அதை விளக்குவது கஷ்டம். ஒரு வீட்டைத் தலைகீழாகப் பிடித்து உதறினால் என்னவெல்லாம் விழுமோ அதெல்லாம் ரோட்டில் கிடக்கும். கதவில்லாத பூட்டு, பூட்டில்லாத கதவு, பாதி டிரெட்மில், லவ் பேர்ட்ஸ், ரோஜாச் செடி, யாருடைய மூக்குக்கண்ணாடியோ ஒன்று. தலைக்கு மேல் விமானம். சக்கரத்தில் ஒட்டியிருக்கும் சேறு தெரிகிற உயரத்தில் அது போகும். சந்தைக்காரர்களுக்கு இது பழகிவிட்டது. விமானம் வந்தால் பாதி வார்த்தையில் நிறுத்திக்கொள்கிறார்கள். போனதும் விட்ட எழுத்திலிருந்து தொடர்கிறார்கள். "நூத்தி..." என்று சொன்ன செடிக்காரர் வாயை மூடாமலே காத்திருந்து, பிறகு "...அம்பது" என்றார். நான் வெளியூர்க்காரி. எனக்கு அந்த நாகரிகம் தெரியவில்லை.

பழைய எலக்ட்ரிக் சாமான்களுக்குப் பக்கத்தில் கொஞ்சம் புத்தகங்களும் வைத்திருந்த ஒரு பாயிடம் போய், "பாய், கா..." என்றேன். விமானம் வந்தது. "...மிக்ஸ் இருக்கா?" என்று முடித்தேன்.

"இருந்துச்சும்மா. புதுசா பழசா?"

"ரொம்பப் பழசு."

"பழசுதான் நிக்கும். இப்ப வர்றதெல்லாம் ஒரு வருசம் தாங்காது." எனக்கு அந்தக் கருத்தில் முழு உடன்பாடு. "கண்டிசன் எப்டி இருக்கணும்?" என்று கேட்டார்.

சேகரிப்பவர்களுக்குள் புழங்கும் வார்த்தை அது. ஒரு நடைபாதைக் கடையில் அதைக் கேட்டதும் எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "கண்டிஷன் எப்படி இருந்தாலும் பரவாயில்ல பாய். முழுசா இல்லன்னாலும் வாங்கிக்கறேன்."

"அப்ப பார்ட் பார்ட்டா கூட ஓகே." தாடியைத் தடவி யோசித்தார். "மேடவாக்கத்துல ஒரு அக்கா வச்சிகினு கீறாங்க. எட்த்துனு போங்கன்னு என்கிட்ட சொல்லிகினே இருந்தாங்க. நம்பர் தரேன், பேசு."

சந்தோஷத்தில் காடை முட்டை வாங்கிச் சாப்பிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை. கோலிக்குண்டு அளவில் வேகவைத்து, மிளகுத் தூள் தூவி, குச்சியில் குத்திக் கொடுக்கிறார்கள். நன்றாகத்தான் இருந்தது. பக்கத்துக் கடைக் கூண்டிலிருந்து அதன் உறவினர்கள் பார்த்துக்கொண்டே இருந்ததால் இரண்டாவது குச்சி வாங்கவில்லை.

ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்று போன் போட்டு, காமிக்ஸ் இருக்கிறதா என்று கேட்டேன். எதிர்ப் பக்கம் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. "இருக்கும்மா," என்றது ஒரு பெண் குரல். பெயர் லதாவாம். "பாய் சொன்னார். எனக்குக் கல்யாணத்துல சீர் குடுத்தது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெண்ணுக்குச் சீர்வரிசையாகக் காமிக்ஸ் கொடுத்த ஒரு குடும்பம் இந்த ஊரில் இருந்திருக்கிறது. எங்கள் சொந்தத்தில் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள்.

"எத்தனை இருக்கு அக்கா?"

"சின்னது, நடுத்தரம், பெருசு, மூணும் இருக்கு."

பாக்கெட் சைஸ், சாதா சைஸ், தீபாவளி மலர் சைஸ். சரியாகத்தான் சொல்கிறார். "நேர்ல வந்து பாக்கலாமா?"

"ஞாயித்துக்கிழமை வாங்க. திங்கக்கிழமை எனக்கு மாடுலர் கிச்சன் மாட்ட வர்றாங்க. அதுக்கப்புறம் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடுவேன்."

கிச்சனுக்கும் காமிக்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சாப்பிடும்போது படிப்பவராக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டேன். நானும் அப்படித்தான்.

சனிக்கிழமை குரோம்பேட்டை. தாம்பரத்திலிருந்து ரயிலில் ஏறினால் சானடோரியம், அடுத்து குரோம்பேட்டை. ஆனால் அவசரத்தில் நான் ஏறியது ஃபாஸ்ட் வண்டி. குரோம்பேட்டை ஜன்னல் வழியாக வந்தது, போயும் விட்டது. "இங்க நிக்காதா?" என்று பக்கத்தில் இருந்த அம்மாளிடம் கேட்டேன். அவர் முறுக்கைக் கடித்தபடி, "நின்னா எதுக்கு ஃபாஸ்ட்னு பேரு?" என்றார். மாம்பலத்தில்தான் இறங்க முடிந்தது. ஒரு முறுக்கு கொடுத்து அனுப்பினார்.

குரோம்பேட்டையில் கோபிநாத் சார் இருக்கிறார். ஆபீஸ் வேலையில் ரிட்டயர் ஆனவர், காமிக்ஸ் சேகரிப்பவர்கள் மத்தியில் பெரிய பெயர். 'ஆகாயத்தில் ஒரு அலமாரி' முழுப் பிரதி ஒன்று அவரிடம் இருப்பதாக ஒருவர் சொன்னார். அது உண்மை என்றால் மேடவாக்கம் வரை அலையவே வேண்டாம்.

உண்மைதான். சார் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். கிழியவில்லை, மடங்கவில்லை, அட்டையில் பரமனின் காலணி கூடப் பளபளத்தது. கை நீட்டினேன். வழவழவென்று, தடிமனாக, ஒரே கட்டியாக இருந்தது.

"லேமினேஷன்," என்றார் சார்.

ரேஷன் கார்டை லேமினேட் செய்வார்கள், மார்க் ஷீட்டைச் செய்வார்கள். என் டிகிரியைக் கையில் வாங்கின அன்றைக்கே நைனா கொண்டுபோய்ச் செய்துகொண்டு வந்தார். சார் முழுப் புத்தகத்தை மூடியபடியே செய்திருந்தார். மேலும் கீழும் கெட்டி பிளாஸ்டிக் வைத்து, நான்கு ஓரமும் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்டியிருந்தது.

"சார், இதைத் திறந்து..."

"திறந்தா கண்டிஷன் போயிடும்மா."

"கடைசிப் பக்கம் மட்டும்."

"கடைசிப் பக்கத்தோட கண்டிஷன் போயிடும்."

"நீங்க படிச்சிருப்பீங்களே சார். அலமாரிக்குள்ள யார்?"

சார் என்னைப் பாவமாகப் பார்த்தார். "வாங்கின அன்னைக்கே ஒட்டிட்டேன். படிக்கிறவங்க வேற, சேகரிக்கிறவங்க வேறம்மா."

அவர் மனைவி தட்டில் ரவா கிச்சடியோடு வந்தார். "எங்க கல்யாண ஆல்பத்தையும் இப்படித்தான் ஒட்டிட்டார். என் முகூர்த்தப் போட்டோவை நான் இன்னும் பாக்கல," என்றார். "சாப்பிடுங்க, ஆறிடும். இதையாவது மூடாம குடுத்திருக்கேன்."

என் முகத்தைப் பார்த்து சாருக்கே மனசு கேட்கவில்லை. புத்தகத்தை டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். இருவரும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தோம். கடைசிப் பக்கம், பின்னட்டை, அதில் இருந்த விளம்பரம் எல்லாம் ஒன்றாகத் தெரிந்தன. ஆகாயத்து அலமாரியைத் திறந்ததும் உள்ளே ஒரு பற்பொடி டப்பாவும் ஒரு முழுப் பல்வரிசையும் இருந்தன. இதை ஆதாரமாக நைனாவிடம் கொண்டுபோக முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மேடவாக்கம். கடைசி நாள். பஸ் சந்தோஷபுரத்தைத் தாண்டியதும் நின்றது. முன்னால் தண்ணீர் லாரி, அதற்கு முன்னால் தண்ணீர் லாரி, எதிரில் வந்ததும் தண்ணீர் லாரி. மூன்றிலிருந்தும் தண்ணீர் ஒழுகி ரோடு ஆறு போல ஓடியது. "இந்த ஊர்ல தண்ணி இல்லன்னு யார் சொன்னது?" என்றார் கண்டக்டர். நான் இறங்கி நடந்துவிட்டேன்.

லதா அக்காவின் அபார்ட்மெண்ட் வாசலில் செக்யூரிட்டி போனை எடுத்து நீட்டினார். "பேரு? யாரைப் பாக்கணும்? எதுக்கு?"

"காமிக்ஸ்."

ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். பிறகு என்னைப் போட்டோ எடுத்தார். திரையில் என் படத்துக்குக் கீழே 'மிக்ஸி சர்வீஸ்' என்று இருந்தது. எழுத்துப் பிழை என்றேன். "மேடம் அப்டித்தான் சொல்லி வச்சிருக்காங்க. சர்வீஸ் ஆளுங்க பின்பக்க லிஃப்ட்ல போகணும்," என்றார். டிகிரி படித்தவள் நான். பின்பக்க லிஃப்டில், சிமெண்ட் மூட்டையோடு போனேன்.

லதா அக்கா நல்ல மனுஷி. வீடு முழுக்கப் பாத்திரங்கள் தரையில் பரப்பிக் கிடந்தன. "வாம்மா. இரு, போட்டுக் காட்டறேன்," என்றார்.

"வேணாம் அக்கா, நானே படிச்சுக்கறேன்."

"இதுக்கு எதுக்கும்மா படிப்பு? சுவிட்சைத் திருப்பினாப் போதும்."

சமையலறை மூலையில் ஒரு பழைய மர ஸ்டாண்டு. அதன் நடுத் தட்டில், எலுமிச்சை மஞ்சள் நிறத்தில், சின்னது நடுத்தரம் பெரியது என்று மூன்று ஜார்கள் சூழ, ஒரு மிக்ஸி இருந்தது.

"அக்கா, நான் கேட்டது காமிக்ஸ்."

"அதான், மிக்ஸி."

"கா."

"கா-வா?"

"கா. கா-மிக்ஸ். பொம்மைப் புத்தகம்."

பல்லாவரத்தில் விமானம் தூக்கிக்கொண்டு போன அந்த எழுத்து மேடவாக்கத்தில் வந்து இறங்கியது. லதா அக்கா இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொழுது சாய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. மேல் தட்டு இரண்டும் போயிற்று. அதைவிட, வகுப்பு மொத்தமும் மறுபடி ஒரு தடவை சிரித்தது போல இருந்தது.

கிளம்புவதற்காகக் குனிந்து பையை எடுத்தேன். அப்போதுதான் மிக்ஸிக்கு அடியிலிருந்து ஒரு கால் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். மேகத்தில் உதைக்கும் கால். பளபளக்கும் காலணி.

தட்டில் எண்ணெய் படாமல் இருக்கப் பழைய பேப்பர் விரிப்பது எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம். இந்த ஸ்டாண்டு லதா அக்காவின் மாமியார் வீட்டிலிருந்து வந்ததாம், விரித்த பேப்பரோடு. மற்றத் தட்டுகளில் நாளிதழ். நடுத் தட்டில் பாராசூட் பரமன்.

"அக்கா, மிக்ஸியைத் தூக்குங்க."

தூக்க வரவில்லை. மிக்ஸியின் ரப்பர் கால்கள் இத்தனை வருஷச் சூட்டில் இளகித் தாளோடு ஒட்டிப் போயிருந்தன. ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். சர்ரென்று ஒரு சத்தம்.

தாள் எனக்கு, அதில் ஒரு துண்டு மிக்ஸிக்கு. அதாவது, தாளில் எல்லாம் இருந்தது. பரமன் கைப்பிடியைத் திருகும் படம், கதவு 'க்ரீச்' என்று திறக்கும் படம், பரமன் திகைத்து நிற்கும் கடைசிப் படம். அவன் வாயிலிருந்து 'அடடா! நீங்களா!' என்ற வார்த்தைகள். கீழே 'முற்றும்.' அலமாரியின் உட்புறம் மட்டும் இல்லை. அங்கே வெள்ளையாக ஒரு வட்டம். அந்த வட்டம் மிக்ஸியின் பின்னங்காலில், கறுப்பு ரப்பரில், கலங்கலாக ஒட்டியிருந்தது.

"இந்தத் தாளை எனக்குத் தருவீங்களா அக்கா?"

லதா அக்கா யோசித்தார். "அது போட்டதுலேர்ந்து அந்தத் தட்டுல மட்டும் கரப்பான் வந்ததே இல்லம்மா. புதுக் கிச்சனுக்கும் அதையே விரிக்கலாம்னு இருந்தேன்." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, மிக்ஸியையும் சேர்த்து எடுத்துக்கிட்டா தாளையும் தரேன்."

மிக்ஸி இல்லாமல் தாளுக்கும் அர்த்தமில்லை என்பது அவருக்குத் தெரியாது.

தாளைப் பைக்குள் அட்டை வைத்துப் பத்திரப்படுத்தி, மிக்ஸியை மார்போடு அணைத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. "தாம்பரம், கேம்ப் ரோடு, தாம்பரம்!" என்று ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. குரல் தெரிந்த குரல்.

"எதிர்க்கட்சி ஏறலாம், சீட்டு காலியா கீது," என்றார் நைனா. "மடியில இன்னா?"

"ஆதாரம்."

உள்ளே பூக்கூடையோடு ஒரு அக்காவும், கழுத்தில் ஐடி கார்டு போட்ட ஒரு பையனும் இருந்தார்கள். வண்டி வேங்கைவாசல் வருவதற்குள் நைனா கழுத்தைத் திருப்பித் திருப்பி முழுக் கதையையும் அவர்களுக்குச் சொல்லி முடித்திருந்தார். நான் மிக்ஸியைக் கவிழ்த்து ரப்பர் காலைக் காட்டினேன்.

பூக்கார அக்கா உற்றுப் பார்த்தார். "பொம்பளதான். தோ கொண்ட. பூ கூட வச்சிகினு கீறா."

"சொன்னேன்ல!" என்றார் நைனா.

"மேடம், நீங்க தலைகீழா பிடிச்சிருக்கீங்க," என்றான் ஐடி பையன். "திருப்புங்க. அது கொண்டை இல்ல, தாடி." போனில் படம் பிடித்து, இடம் வலம் மாற்றி, பெரிதாக்கினான். "ஆடு மாதிரியும் இருக்கு."

"ஆகாயத்துல ஆடு எப்டிப்பா வரும்?" என்றார் பூக்கார அக்கா.

"அலமாரி எப்டி வந்துதோ அப்டித்தான்."

"படத்தை விடுங்க. எழுத்து இருக்கு," என்றேன். தாளை எடுத்து, வகுப்பில் படிப்பது போல நிறுத்திப் படித்தேன். "'அடடா! நீங்களா!' நைனா, பெத்த அம்மாவை எவனாவது நீங்கன்னு கூப்பிடுவானா? நான் அம்மாவை நீங்கன்னு கூப்பிட்டிருக்கேனா? உன்னைக் கூப்பிட்டிருக்கேனா?"

 யாராலும் மறுக்க முடியாத வாதம் அது.

"என் புள்ள என்னைப் போடின்னு கூட சொல்வான். நீங்கன்னு சொன்னதில்ல," என்றார் பூக்கார அக்கா, கட்சி மாறியபடி.

"எங்க வீட்லயும் அம்மான்னா நீ தான். மேனேஜரைத்தான் நீங்கன்னு சொல்வோம்," என்றான் பையன்.

செம்பாக்கத்தில் நைனா ஹார்னை இரண்டு தடவை அடித்தார். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "திடீர்னு பாத்தா வாய்ல வந்துடும்மா."

"எது?"

"நீங்கன்றது. எங்கயோ நெனைக்காத எடத்துல, அலமாரிக்குள்ள, பெத்த தாயே குந்திகினு இருந்தா, சட்டுனு அடையாளம் தெரியாது. வேற யாரோன்னு நென்சிக்குவான். மரியாதயாத்தான் வரும்."

"பெத்த தாயை அடையாளம் தெரியாதவன் எவனாவது இருப்பானா நைனா?"

பூக்கார அக்கா கை தட்டினார். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஓட்டெடுப்பு நடந்தது. நைனாவுக்கு அவருடைய ஓட்டு மட்டும்தான். இறங்கும்போது பூக்கார அக்கா, "படிச்ச பொண்ணு படிச்ச பொண்ணுதான்," என்று ஒரு முழம் மல்லி கிள்ளிக் கொடுத்தார். தலை நிமிர்ந்து எங்கள் தெருவுக்குள் நுழைந்தேன். மிக்ஸியை நைனாவிடம் தூக்கி வரச் சொல்லிவிட்டு, தாளோடு முன்னால் நடந்தேன். வெளிச்சம் இன்னும் இருந்தது. அம்மாவிடம் தீர்ப்பைச் சொல்லிவிட்டு, தாளை பீரோவில் வைத்துப் பூட்டிவிடலாம்.

பீரோ திறந்திருந்தது. அதற்குள் தலையை விட்டபடி, முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். அரக்கு நிறப் பட்டு, பெரிய ஜரிகை. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் பட்டுதான் கட்டுவார். எப்போதாவது என் காமிக்ஸ் வாங்கிப் படிப்பார். ஆனால் கேட்காமல் எடுக்கிறவர் இல்லையே என்று திகைத்து,

"அடடா! நீங்களா?" என்றேன்.

பட்டுப் புடவை திரும்பியது. அம்மா. மேல் தட்டில் ஜாண் போட்டு அளந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"யாருடி நீங்க? நான்தான். பூச்சி அரிச்சிருக்கான்னு கட்டிப் பாத்தேன்," என்றாள், வெட்கத்தோடு.

எனக்குப் பின்னால் மிக்ஸி தரையில் இறங்கும் சத்தம் கேட்டது. நைனா வாசலுக்குப் போய், தெருவைப் பார்த்து நின்று, மொத்தத் தெருவுக்கும் கேட்கும்படி சொன்னார்: "நீங்களாவாம்! பெத்தவள! பீரோக்குள்ள பாத்துட்டு! நீங்களாவாம்!"

அன்றைக்கே மேல் தட்டு இரண்டும் காலியாயின. இடமில்லாமல் போன பரமன் இதழ்கள் கட்டிலுக்கு அடியில், தகரப் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தன. பெட்டியில் பாச்சை உருண்டை வாசனை இருந்தது. கண்டிஷனுக்கு அது நல்லதுதான்.

அலமாரிக்குள் யார் என்பதை இனி ஒருநாளும் நிரூபிக்க முடியாது. திங்கட்கிழமை காலை எழுந்தபோது மிக்ஸி பளபளவென்று இருந்தது. "கீய கால்லல்லாம் என்னவோ பிசுக்கு ஒட்டிகினு இருந்துச்சு. நல்லா தேச்சிட்டேன்," என்றாள் அம்மா. அதில் அரைத்த தேங்காய்ச் சட்னியை நானும் நைனாவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம். நன்றாக அரைபட்டிருந்தது.

புடவையை வைக்கும் முன் தட்டில் விரிக்கப் பேப்பர் கேட்டாள் அம்மா. நாளிதழ் வேண்டாம், மை ஒட்டும் என்றாள். மேடவாக்கத்துத் தாளைக் கொடுத்தேன். கரப்பான் வராது என்றும் சொன்னேன். இப்போது அவள் பட்டுப் புடவையை எடுக்கும் போதெல்லாம் அடியிலிருந்து பரமன் நிமிர்ந்து பார்த்து, 'அடடா! நீங்களா!' என்கிறான்.

எங்கள் வீட்டில் அம்மாவை நீங்கள் என்று கூப்பிடும் ஒரே ஆள் அவன்தான்.